பதினொரு மணிக்குமேல் மெதுவாக நடந்தவர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பட்டணத்தை விட்டுச் சற்று விலகி, சடக்கிலிருந்து பிரிந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் முடிவில் எங்கள் தோட்டம் இருந்தது. மேற்கே ஜெராய் மலை, மற்ற மூன்று பக்கமும் முதலில் பால்மரங்கள், பிறகு செம்பனை. என் அப்பா அந்த மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, அவர்தான் முதலில் வந்து நிற்பார் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பதினொரு மணிக்குமேல் அவர் நடை தளர்ந்துவிடும். இரண்டு மரத்துக்கு ஒருமுறை நிற்பார், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பார், தண்ணீர் இருந்தால் கழுத்தில் ஊற்றிக்கொள்வார். இதைப் பார்த்த மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) ஒருவர், ஆள்கள் எல்லாரும் கேட்கும்படி, அவரைச் சோம்பேறி என்று சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தச் சொல் வீட்டுக்கு வந்து, பல ஆண்டுகள் எங்களோடு இருந்தது.

இன்று நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. உடல் தன் வெப்பத்தை எப்படிச் சீராக வைத்துக்கொள்கிறது என்ற பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது. அப்பாவின் உடல் அந்த வேளையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

உடல் ஓர் அடுப்பு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் அசையாமல் படுத்திருக்கும்போதுகூட ஏறத்தாழ 80 முதல் 100 வாட் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறோம். பழைய மஞ்சள் பல்பு ஒன்று எரியும்போது பக்கத்தில் கை வைத்தால் சுடுமே, ஏறக்குறைய அந்த அளவு. இந்த வெப்பத்தின் பெரும்பகுதி ஈரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய உள்ளுறுப்புகளில் பிறக்கிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வேலை செய்யத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது வெப்பத்தின் தலைமை ஊற்றாக மாறுவது தசை. தசை எரிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது, மிஞ்சிப்போனால் இருபத்தைந்து பங்குதான் செம்பனையின் பழக்குலையைத் தூக்கவும் அதை வெட்டும் கம்பை நிமிர்த்தவும் பயன்படுகிறது. மிச்சம் எல்லாம் வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே ஒருவர் கடுமையாக உழைக்க உழைக்க, அவருடைய உழைப்பைக் காட்டிலும் மூன்று, நான்கு மடங்கு வெப்பம் அவர் உடலுக்குள் சேர்கிறது. செம்பனைக் காட்டில் குலை வெட்டி, தள்ளுவண்டியில் சுமந்து கொண்டுவருபவர் உடலில் 400 வாட் அளவுக்கு வெப்பம் பிறப்பது வியப்பன்று.

இந்த வெப்பம் வெளியே போகாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை மாணவர்களோடு கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மனித உடலின் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3.5 கிலோஜூல் தேவை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 210 கிலோஜூல். அவர் சும்மா படுத்திருந்தாலும், வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், முக்கால் மணி நேரத்தில் உடல் ஒரு டிகிரி ஏறிவிடும். 400 வாட் வேலை செய்தால் அதற்கு ஒன்பது நிமிடம்கூட ஆகாது. பாதி வெப்பம் எப்படியோ வெளியேறி, பாதி மட்டும் உள்ளே தங்குவதாக வைத்துக்கொண்டாலும், 37 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போக ஒரு மணி நேரம் போதும். நாற்பதைத் தாண்டினால் மூளை குழம்பத் தொடங்குகிறது. நலத்துக்கும் ஆபத்துக்கும் இடையே மூன்றே டிகிரிதான். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த நாளில், என் அப்பா அத்தனை ஆண்டுகள் எவ்வளவு ஒடுங்கிய வரப்பில் நடந்திருக்கிறார் என்று எண்ணி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியேறும் வழிகள் நான்கு. தோலிலிருந்து சுற்றியுள்ள குளிர்ந்த பொருள்களை நோக்கி வெப்பம் கதிராகப் போகிறது; தொடும் பொருளுக்குக் கடத்தலாகப் போகிறது; உடலை ஒட்டியுள்ள காற்று சூடாகி விலகும்போது அதனோடு போகிறது; வியர்வை ஆவியாகும்போது ஆவியோடு போகிறது. முதல் மூன்றும் நம்மைவிடக் குளிர்ந்த ஏதோ ஒன்று அருகில் இருந்தால்தான் நடக்கும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி. காற்றும் 35-ஐத் தொட்டுவிட்டால் அந்த மூன்று கதவுகளும் மூடிவிடுவது மட்டுமல்ல, அவற்றின் வழியாகவே வெளி வெப்பம் உள்ளே வரவும் தொடங்குகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டின் தகரக் கூரை இதற்கு நல்ல சான்று. நடுப்பகலில் காற்றைவிடக் கூரை எவ்வளவோ அதிகமாகச் சுட்டு, கீழே படுத்திருப்பவர்மேல் கதிரை இறக்கும். என் பாட்டி தன் சமையல் கொட்டகைக்குக் கடைசிவரை அத்தாப்புக் கூரையே போதும் என்று பிடிவாதமாக இருந்தார். வசதி தெரியாதவர் என்று அன்று நினைத்தோம். ஓலை தன் அடிப்புறத்தைச் சூடாக விடாது என்பதைத் தன் முதுகால் அறிந்தவர் அவர்.

எஞ்சியிருப்பது வியர்வை. தோலில் இருபது முதல் நாற்பது இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. நம் குலை வெட்டும் தொழிலாளியின் 400 வாட்டையும் வெளியேற்ற மணிக்கு 600 மில்லிலிட்டர் வியர்வை போதும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் 'ஆவியானால்' என்ற சொல்லே உயிர்நாடி. சொட்டிக் கீழே விழுந்த வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது உடலிலிருந்து வீணாகப் போன தண்ணீரும் உப்பும்தான். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகும் அளவுக்கு வேலை செய்தவரைப் பார்த்து 'நன்றாக வியர்த்திருக்கிறது, உடம்பு குளிர்ந்திருக்கும்' என்று சொல்வது நம் வழக்கம். அந்த நனைந்த சட்டை காட்டுவது இதற்கு நேர்மாறானது: வியர்வை சுரந்தும் ஆவியாக இடமில்லாமல் நின்றுவிட்டது.

ஏன் இடமில்லை என்பதற்குக் காற்றிலுள்ள ஈரத்தைப் பார்க்க வேண்டும். 35 டிகிரி வெப்பமுள்ள நனைந்த தோலின்மேல் நீராவியின் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். காற்று 33 டிகிரியாகவும் ஈரப்பதம் 65 விழுக்காடாகவும் இருந்தால், காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 25. இரண்டுக்கும் உள்ள 17 என்ற வேறுபாடுதான் ஆவியை இழுத்துச் செல்லும் விசை. அதே 33 டிகிரியில் ஈரப்பதம் 85 ஆனால் வேறுபாடு பத்தாகச் சுருங்கிவிடுகிறது. வெப்பமானியில் ஒரே எண்தான், ஆனால் உடலுக்கு அது முற்றிலும் வேறு நாள். 1774-இல் லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டனும் நண்பர்களும் தண்ணீர் கொதிக்கும் அளவைத் தாண்டிய உலர்ந்த அறைக்குள் சிறிது நேரம் நின்று, தங்கள் உடல் வெப்பம் அதிகம் மாறாமல் வெளியே வந்தார்கள்; அதே அறையில் வைத்த இறைச்சி வெந்துவிட்டது. உலர்ந்த காற்று அவர்கள் வியர்வையை உடனுக்குடன் எடுத்துக்கொண்டதே காரணம். ஈரக் காற்றில் அப்படி எவரும் நின்றிருக்க முடியாது. 1905-இல் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் இதை அளந்தே காட்டினார். இங்கிலாந்தின் கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களின் வெப்பத்தை ஆராய்ந்த அவர், தொழிலாளியின் உடல் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது சாதாரண வெப்பமானி அன்று, குமிழில் நனைந்த துணி சுற்றிய வெப்பமானியே என்றார். காற்று அசையாத இடத்தில் அந்த ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவருடைய உடலும் சூடேறத் தொடங்குகிறது என்று கண்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 35 டிகிரி ஈரக்குமிழ்தான் மனித உடலின் இறுதி எல்லை என்று காகிதக் கணக்கு ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஈரக் காற்றில் எல்லை 30, 31 டிகிரியிலேயே வந்துவிட்டது. ஹால்டேன் சொன்ன இடத்துக்கே திரும்ப வந்திருக்கிறார்கள்.

பால்மரக் காலத்தில் இந்தச் சிக்கலுக்குத் தொழிலின் நேரமே ஒரு தீர்வாக இருந்தது. பால் வெட்டு விடியுமுன்னரே தொடங்கும். அது மனிதனுக்காக ஏற்பட்ட நேரமன்று, மரத்துக்காக ஏற்பட்டது. இரவில் இலைகள் நீரை வெளியிடாமல் இருக்கும்போது பட்டைக்குள் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் நிறைந்து நிற்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை விடத் தொடங்க, அழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும். மரத்தின் நலனை முன்னிட்டு வைத்த நேரம், தற்செயலாக மனித உடலின் நலனுக்கும் பொருந்தியது. நம் உடல் வெப்பமும் ஒரு நாளுக்குள் அரை டிகிரிக்கு மேல் ஏறி இறங்குவது. விடியலுக்குச் சற்று முன்தான் மிகத் தாழ்ந்திருக்கும், மாலையில்தான் உச்சத்தில் நிற்கும். உள்ளும் புறமும் குளிர்ந்த வேளையில் கடுமையான பங்கை முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு நண்பகலில் வீடு திரும்பலாம். கெடாவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மட்டும் இந்த ஒப்பந்தம் முறியும். ஆண்டின் வறண்ட, கடும் வெயில் மாதங்களில்தான் பால்மரம் இலையுதிர்க்கும். நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் தலைக்குமேல் வெறும் கிளைகளே நிற்கும்.

பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு விடியல் என்ற கட்டாயம் இல்லை. குலை எந்த நேரத்திலும் பழுத்தே இருக்கும். அப்பா நாள் சம்பளத்திலிருந்து டன் கணக்குச் சம்பளத்துக்கு மாறினார். ஒரு குலை இருபது கிலோ, சில நேரம் அதற்கு மேலும். நீண்ட கம்பின் முனையில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை நிமிர்த்து, மட்டையை அறுத்து, குலையை இறக்கி, முள் குத்தாமல் தூக்கி வண்டியில் போட வேண்டும். முள்ளுக்காக நீளக்கை சட்டை, பாம்புக்காக முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலைக்குக் கவசம். இவை ஒவ்வொன்றும் தேவையானவை, ஒவ்வொன்றும் வியர்வை ஆவியாகும் பரப்பை மூடுபவை. அடர்ந்த மட்டைகளுக்குக் கீழே காற்று அசையாது. நேரக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து, கெடாவில் பிப்ரவரி மாத நடுப்பகல் உண்மையில் ஒன்றரை மணிக்குத்தான் வருகிறது. பால் வெட்டியவர் உச்சிக்கு முன்பே வீட்டுக்குப் போனார்; குலை வெட்டுபவர் டன்னை நிறைவு செய்ய மூன்று மணி வரை நின்றால், உச்சியையும் அதற்கடுத்த மிகச் சூடான வேளையையும் முழுவதுமாகத் தாங்குகிறார்.

உடலுக்குள் அப்போது நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெயிலில் இறப்பவர்கள் பலர் வெப்பத்தால் வேகுவதில்லை. அவர்களுடைய இதயம் களைத்துப்போகிறது. உள்ளே பிறக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது இரத்தம். குளிர்ந்த அறையில் தோலுக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டர் இரத்தம்கூடப் போவதில்லை; கடும் வெப்பத்தில் அது ஆறு, ஏழு லிட்டருக்கு உயரலாம். அதே நேரத்தில் தசையும் இரத்தம் கேட்கிறது. வியர்வை போகப் போக இரத்தத்தின் நீர் குறைகிறது. குறைந்த இரத்தத்தை இரு பக்கமும் பகிர்ந்து தர இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். தலைசுற்றல், கண் இருட்டல், குமட்டல் எல்லாம் இந்தப் பங்கீடு தடுமாறுவதன் அடையாளங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், காது, உதடு ஆகிய இடங்களில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் சிறு குழாய்கள் உண்டு. அவை திறந்தால் அதிக இரத்தம் தோலுக்கு மிக அருகில் பாய்ந்து வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும். வேலை முடிந்து வருபவர்கள் கைகளை முழங்கைவரை ஆற்றுநீரில் அமிழ்த்தி, கால்களையும் நனைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். தீயணைப்பு வீரர்களைக் குளிர்விக்க இன்று பயிற்சிக்கூடங்களில் கற்றுத்தரும் முறையும் அதுதான்.

இவை அனைத்தையும் ஆள்வது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதாலமஸ் என்ற சிறு பகுதி. அது இரத்தத்தின் வெப்பத்தைத் தானே உணர்கிறது, தோலிலிருந்து வரும் செய்திகளையும் கேட்கிறது. ஒரு குறியளவை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே போனால் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. கீழே போனால் அவற்றைச் சுருக்கி நடுங்க வைக்கிறது. நடுக்கம் என்பது வேலையே செய்யாமல் தசையை எரித்து வெப்பம் உண்டாக்கும் வழி. ஓய்வு நேர வெப்பத்தைப் போல நான்கைந்து மடங்கு அதனால் கிடைக்கும். நன்றாக நடுங்கத் தெரியாத கைக்குழந்தைகளுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்ற தனி எரிபொருள் உண்டு.

காய்ச்சல் என்பது இந்தக் குறியளவே உயர்த்தப்படும் நிலை. கிருமியை எதிர்க்கும் உடல் வெளியிடும் பொருள்கள், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் வழியாக ஹைப்போதாலமசுக்கு 'இனி 39' என்று சொல்கின்றன. 37-இல் இருக்கும் உடல் அப்போது தன்னைக் குளிர்ந்ததாகக் கருதி, போர்வை கேட்டு, பல் கிட்டி நடுங்குகிறது. நம் மக்கள் இதற்கு வைத்த 'குளிர்காய்ச்சல்' என்ற பெயரைவிடத் துல்லியமான பெயர் எனக்குத் தெரியவில்லை. மலேரியா நிறைந்திருந்த பழைய தோட்டங்களில் அந்தச் சொல் எவ்வளவு அச்சத்தோடு ஒலித்தது என்பதைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாராசிட்டமால் அந்த புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துக் குறியளவை மீண்டும் இறக்குகிறது. உடனே வியர்த்து, காய்ச்சல் விடுகிறது.

வெப்பத் தாக்கம் இதிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே குறியளவு மாறவே இல்லை. உடல் 37-ஐத்தான் விரும்புகிறது, ஆனால் அடைய முடியாமல் தோற்றுக்கொண்டிருக்கிறது. பாராசிட்டமாலுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. போர்வையோ தீங்கு. இந்த வேறுபாடு எனக்குப் பாடநூலில் அறிமுகமாவதற்கு முன் வீட்டில் அறிமுகமானது.

1998 மார்ச் மாதம் அது. எல் நினோவால் மழையே இல்லாத ஆண்டு. அடுத்த மாதம், ஏப்ரல் 9-ஆம் நாள், பெர்லிசின் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் இந்த நாட்டில் இதுவரை பதிவான உச்சம். எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவின் குத்தகைக்காரர் அந்த வாரக் கணக்கை முடிக்கச் சொல்லி நெருக்கியிருந்தார். அப்பா வழக்கமாக நிற்கும் இடங்களில் நிற்கவில்லை என்று பின்னர் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஒரு மணிவாக்கில் அவர் வண்டியைத் தவறான பாதையில் தள்ளிக்கொண்டு போனார். கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்து, என்னவோ குழறினார். பிறகு விழுந்துவிட்டார். அவர் தோல் நனைந்தே இருந்தது. வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத் தாக்கம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்கும் முதியவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், உழைக்கும்போது விழுபவருக்குப் பொருந்தாது. அவர்களைக் காட்டிக்கொடுப்பது குழம்பிய பேச்சும் தடுமாறும் நடையும்தான்.

உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர்தான் முதலில் ஓடிவந்தார். அப்பாவின் பூட்ஸைக் கழற்றி, சட்டையைக் கிழித்து, நிழலுக்கு இழுத்து, மருந்து கலக்க வைத்திருந்த பீப்பாயின் நல்ல தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை வாளி வாளியாக ஊற்றி, சாக்கால் விசிறச் சொல்லியிருக்கிறார். 'மொதல்ல சூட்ட எறக்குங்க, அப்பறம் லாரிய கொண்டாங்க' என்று அவர் கத்தியதை அப்பாவின் நண்பர் இன்றும் சொல்வார். இன்றைய மருத்துவ நூல்கள் சொல்வதும் அதே வரிசைதான்: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகு கொண்டுபோக வேண்டும், அரை மணிக்குள் உடல்வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அடுத்து அவரைக் கொண்டுபோன சிகிச்சையிடத்தில், உடம்பு கொதிக்கிறது என்பதை மட்டும் பார்த்து, காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக் கம்பளியால் மூடினார்கள். அம்மா அங்கே போனபோது அவர் கம்பளிக்குள் கிடந்தார். அன்று மாலை பெரிய மருத்துவமனைக்கு மாற்றிய பிறகே பனிக்கட்டி வைத்தார்கள். இரண்டு நாள் அவர் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. வெப்பத்தில் சிதைந்த தசையின் சாயம் அது, சிறுநீரகத்தை அடைக்கக்கூடியது. அப்பா பிழைத்தார். அவரைக் காப்பாற்றியது அந்தப் பெரியம்மாவின் வாளி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அவர் எந்த வகுப்பிலும் படித்ததில்லை.

இப்போது 'சோம்பேறி' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வியர்ப்பதும் இரத்தக்குழாய் விரிவதும் உடலின் கருவிகள்தாம், ஆனால் அவற்றுக்கு எல்லை உண்டு. காற்றின் ஈரம் தடுக்க முடியாத கருவி ஒன்று உண்டு: வெப்பம் உண்டாக்குவதையே குறைத்துக்கொள்வது. 400 வாட்டில் வேலை செய்பவர் நின்றுவிட்டால் சில நிமிடங்களில் 100 வாட்டுக்கு இறங்குகிறார். ஈரக் காற்றில் எந்த வியர்வையும் தர முடியாத ஆறுதல் அது. இதை உடல் நம் விருப்பத்துக்கு விட்டுவைப்பதும் இல்லை. வெப்பத்தில் மிதிவண்டி மிதிப்பவர்களை ஆராய்ந்த சோதனைகளில், உள்வெப்பம் ஆபத்தான எல்லையைத் தொடுவதற்கு முன்னரே கால்களின் வேகம் தானாகக் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். களைப்பு, சலிப்பு, 'கொஞ்சம் உட்காரலாமே' என்ற எண்ணம் ஆகியவை வெப்பச் சீராக்கத்துக்கு வெளியே நிற்கும் மனக் குறைகள் அல்ல. வியர்வையைப் போலவே அவையும் அதன் உறுப்புகள். பதினொரு மணிக்குமேல் அப்பா மெதுவாக நடந்தபோது அவர் ஹைப்போதாலமஸ் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அதைச் செய்யவிடாமல் தடுத்த ஒரே வாரத்தில் அவர் விழுந்தார். டன் கணக்குச் சம்பளத்தின் கொடுமையை நான் இதற்கு மேல் எளிமையாகச் சொல்ல முடியாது: அது நிற்பதற்கு விலை வைக்கிறது.

வீடுகளில் நாம் பேசும் 'சூடு' பற்றியும் ஒரு சொல். துரியான் சூடு, இளநீர் குளிர்ச்சி, வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு இறங்கும் என்பதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். துரியான் தின்றால் அதன் ஓட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொல்வார்கள். அந்தச் சூடு வெப்பமானி அளக்கும் வெப்பம் அன்று என்பதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன். எந்த உணவு உண்டாலும் அதைச் செரிக்கும் வேலையில், உண்ட ஆற்றலின் பத்தில் ஒரு பங்கு அளவு வெப்பமாகிறது. புரதத்துக்கு இது இரண்டு, மூன்று மடங்கு. துரியானில் கொழுப்பும் சர்க்கரையும் மிகுதி, ஆகவே வயிறு நிறையத் தின்றவர் புழுங்குவதில் சற்று உண்மையும் உண்டு. மிளகாயின் எரிச்சல் இன்னும் சுவையான செய்தி. 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலையே மிளகாயின் காரமும் திறக்கிறது. உடல் அதைச் சூடு என்று நம்பி வியர்க்கிறது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கும், தொடுவுணர்வின் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. தைலம் தடவினால் குளிர்வதும் அதேபோன்ற நரம்பு ஏமாற்றமே. உடல்வெப்பம் ஒரு புள்ளிகூட இறங்குவதில்லை. வெயிலில் விழுந்தவருக்குத் தைலத்தைத் தேய்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது.

இன்னொரு நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. நாம் வெயில் நாட்டுக்காரர்கள், நமக்கு இது பழக்கம் என்பார்கள். பழக்கம் என்பது பிறப்பால் வருவதன்று. வெப்பத்தில் நாள்தோறும் வேலை செய்யும் உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் மாறிக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. இரத்தத்தில் நீர் கூடுகிறது, இதயத் துடிப்பு தணிகிறது. வேலையை விட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தால் இவை அனைத்தும் கரைந்துவிடுகின்றன. ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் தொழிலாளி, முதல் நாளிலேயே பழைய கணக்கை வெட்டினால், அவர் உடல் புதியவருடைய உடலே.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வயதானவருக்கு வியர்வை குறைவு, தாகமும் தாமதமாகவே தெரியும், தோலுக்குப் போகும் இரத்தமும் குறைவு. 2019 தேசிய நலக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது; நம்மவரிடையே அது மேலும் அதிகம். அந்நோய் நீடித்தால் வியர்வையைத் தூண்டும் நரம்புகளும் பழுதடைகின்றன. இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. வெயில் கடுமையாகும் மாதங்களில் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். தாமான் வீட்டின் செங்கற்சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் விடுகிறது. தூக்கம் வருவதற்கே உடல்வெப்பம் சற்று இறங்க வேண்டும், ஆகவே அவர் இரவு பதினொன்று வரை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடும். அதற்கு முன்னரே நான் அவருக்கு ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவேன். கால்களை அதில் வைத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டின் பின்வேலியை ஒட்டி இன்னும் செம்பனைதான். போன மார்ச்சில் அங்கே இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் புதிதாகக் குலை வெட்டிக்கொண்டிருந்தான். மணி ஒன்றரை இருக்கும். நிற்காமல் வெட்டினான். அப்பா எழுந்து வேலியருகே போய், 'பெலான் பெலான்', மெதுவாக மெதுவாக, என்றார். அவன் சிரித்துவிட்டு மறுபடி கம்பைத் தூக்கினான். அப்பா திரும்பி வந்து, தன் காலுக்கு வைத்திருந்த பேசினின் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து, இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று, வேலிவரை கொண்டுபோனார். அவன் கம்பை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தான். அப்பா தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார், அதுவரை. அவன் கையுறையைக் கழற்றி இரண்டு கைகளையும் உள்ளே விட்டான்.